கைத்தையல் தரப்பு

8.2.2023, புதன்

இன்று வேலூர் ஓட்டல் மாடியில் இருந்தவர்கள்: கம்பெனி தரப்பில் மேலாளர் ரகோத்தமன். வெளிநாட்டுச் செருப்புக் கடை தரப்பில் அன்னெலி என்ற வெள்ளைக்காரி. அவள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு கண்ணாடிக்காரி, பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சங்கத்தின் தரப்பில் தோழர் ஏகாம்பரம். தொண்டு நிறுவனத்தின் தரப்பில் பெனடிக்டா மேடம். சர்க்கார் தரப்பில் வர வேண்டியவர் வரவில்லை, அவருடைய நாற்காலி வந்திருந்தது. கைத்தையல் தரப்பில் நான், பட்டம்மாள், வயது அறுபத்தெட்டு, பனங்காட்டேரி கிராமம், தெருமுனை வீடு, ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு.

எல்லோருக்கும் முன்னால் அட்டையில் பெயர் எழுதி மடித்து நிறுத்தியிருந்தார்கள். என் அட்டையில் மட்டும் பெயர் இல்லை. 'கைத்தையல் தரப்பு' என்று போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். ரகோத்தமன் சிரித்துக்கொண்டே, "பேரு மாறலாம் பாட்டி, தரப்பு மாறாது" என்றார். நான் அவருக்குப் பாட்டி இல்லை. அவருக்கு ஐம்பது இருக்கும். இதை எழுதி வைக்கிறேன்.

இதற்குப் பெயர் பல தரப்புக் கூட்டமைப்பாம். செருப்பைத் தைப்பவர், தைக்க வைப்பவர், வாங்கி விற்பவர், தட்டிக் கேட்பவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நியாயம் பேசுவார்களாம். உலகத்தில் எங்கெங்கோ இப்படி மேசை போட்டிருக்கிறார்களாம். எல்லாத் தரப்பும் தலையாட்டினால்தான் ஒரு முடிவு நிற்கும், ஒரு தரப்பு மறுத்தாலும் நிற்காது. இதைக் கண்ணாடிக்காரி மூன்று முறை சொன்னாள், எனக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டாள்.

இந்த நோட்டைக் கொடுத்தது பெனடிக்டா மேடம். நடந்ததை நடந்த தேதியில் எழுதுங்கள், பின்னால் சாட்சியாக நிற்கும் என்றார். எனக்கு நோட்டு வேண்டியதில்லை. என் கல்யாணத்தில் யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது மேடத்தின் வெள்ளை வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். இடது பக்கக் கதவில் நசுங்கல். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது.

9.2.2023

ரேஷனில் பருப்பு இல்லை. நேற்றைய ஓட்டல் சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள்.

12.2.2023, ஞாயிறு

மருமகள் கௌசல்யா நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, சங்கதி புரியாதவர் படித்தால் என்ன புரியும் என்று கேட்டாள். அவள் பத்தாவது. சரி, புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. அதில் முப்பத்தாறு வீட்டில் பெண்கள் அப்பர் தைக்கிறோம். அப்பர் என்றால் செருப்பின் மேல்பாகம். வெட்டிய தோலைக் கட்டுக் கட்டாக ஏஜெண்ட் தயாளன் மொபெட்டில் கொண்டுவந்து போடுவான். மெழுகு நூலை ஊசியில் கோத்து, இழுத்து இழுத்துத் தைத்துக் கொடுப்போம். எடுத்துக்கொண்டு போவான். கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டி, பெட்டியில் போட்டுக் கப்பல் ஏற்றுவார்கள். பதினோரு வருடமாக இதுதான். ஆனால் கம்பெனியின் காகிதத்தில் நாங்கள் இல்லை. எல்லாம் உள்ளேயே தைப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

சென்ற ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, சுகந்தி நூலை இழுத்த வேகத்தில் ஊசி முறிந்து முனை வலக்கண்ணில் பாய்ந்தது. முப்பத்து மூன்று வயது. அந்தக் கண் போயிற்று. போன கண் மற்ற கண்ணையும் இழுத்துக்கொண்டு போகும், வருடக்கணக்கில் மருந்து ஓடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி ஆட்களுக்கு என்றால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. சுகந்தி கம்பெனி ஆளா என்பதுதான் கேள்வி. பெனடிக்டா மேடம் புகார் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். அதற்குத்தான் மேசை.

மேசையில் உட்கார யார் என்று வந்தபோது பெண்கள் என்னைச் சொன்னார்கள். வாய் இருக்கிறதாம்.

இன்னொன்றும் எழுதவேண்டும், பின்னால் யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது. சுகந்தியின் அம்மா இந்திராணி. 1996 ஆவணி மாதம் என் சின்ன மகளைப் பெண் பார்க்க குடியாத்தத்திலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில் ஏழு பேர் இறங்கினார்கள். பஸ் நிற்கிற இடத்தில் நின்றிருந்த இந்திராணி, அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வரும் என்று சொல்லிவிட்டாள். பத்து மணிக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். காப்பி ஆறிக் கிடந்தது. என் மகளுக்கு வலிப்பு இல்லை. ஏழு வயதில் காய்ச்சலில் ஒரு தடவை வந்தது. இப்போது அவள் ஓசூரில் ஒரு குடிகாரனோடு இருக்கிறாள். இந்திராணி செத்து ஆறு வருடம். நான் சாவு வீட்டுக்குப் போனேன், தண்ணீர்கூடத் தொடவில்லை.

இதற்கும் சுகந்திக்கும் சம்பந்தம் இல்லை. எனக்குத் தெரியும்.

20.2.2023, திங்கள்

பெனடிக்டா மேடம் பெண்களைச் சுகந்தி வீட்டில் கூட்டினார். முப்பது பேர் வந்தார்கள், ஆறு பேர் பயந்து வரவில்லை.

மேசையிலிருந்து ஒரு குழு நேரில் பார்க்க வருகிறதாம். நாள் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு செய்துவிடுவார்கள் என்று. பார்த்ததை எழுதுவார்கள், எழுதியதுதான் கணக்கு. நாங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: வாசலில் உட்கார்ந்து எப்போதும்போல் தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெண்கள் சிரித்தார்கள். மேடத்துக்குப் புரியவில்லை. நான்தான் சொன்னேன். பதினோரு வருடமாக யார் சோதனைக்கு வந்தாலும் எங்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. தயாளன் முன்கூட்டி போன் செய்வான். இல்லாவிட்டால் தெரியாத வண்டி திரும்புவதைத் தெருமுனையில் யாராவது பார்ப்பார்கள். உடனே "தண்ணி லாரி வந்துட்ச்சி" என்று குரல் போகும். அந்தக் குரல் கேட்டால் அத்தனை பேரும் தோலைச் சுருட்டி அரிசி டிரம்மில், கட்டிலுக்கடியில், தொட்டிலுக்குள் திணித்துவிட்டுக் காலிக் குடத்தோடு வெளியே வரவேண்டும். வந்தவன் கண்ணுக்கு குடம்தான் தெரியும். ஒருவனும் ஒரு தோல் துண்டைக்கூடப் பார்த்ததில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் பழகியது. கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கும் நொடியில் முடிந்துவிடும்.

மேடம் கும்பிடாத குறையாக, இந்தத் தடவை வருகிறவர்கள் நமக்காக வருகிறார்கள், குடம் வேண்டாம் என்றார்.

பிறகு என்னிடம் தனியாக, வந்தவர்களிடம் முதலில் சுகந்தி பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள் என்றார். அன்னெலி அந்தக் கண்ணைப் பார்க்கவேண்டுமாம். நான் சரி என்றேன். பேசட்டும். மேசையில் உட்கார்வது நான், வாசலில் பேசுவது இந்திராணி மகள். சரிதான்.

மதியம் தயாளன் வந்தான். நாற்பத்தைந்து கட்டுத் தோலை இறக்கிவிட்டு, வீட்டில் தைப்பது வெளியே தெரிந்தால் கம்பெனி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துக்கொள்ளும், அப்புறம் குழந்தையையும் கிழவியையும் கட்டிக்கொண்டு எவள் ஷிப்டுக்குப் போவாள் என்று பொதுவாகக் கேட்டான். என்னைப் பார்த்துத்தான் கேட்டான். போகும்போது என் வாசல் பக்கம் துப்பினான். வாசலில் படவில்லை. நோக்கம் எனக்குத் தெரியும்.

24.2.2023

கேழ்வரகு அரைக்கக் கொடுத்தேன். மில்லில் சுகந்தியைப் பற்றியே பேச்சு. வெள்ளைக்காரியிடம் என்ன பேசவேண்டும் என்று அவளுக்கு மேடம் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாராம். எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

28.2.2023, செவ்வாய்

வந்தார்கள். காலை பத்தே கால். அன்னெலி, கண்ணாடிக்காரி, பெனடிக்டா மேடம், தோழர் ஏகாம்பரம், பின்னால் இன்னொரு வண்டியில் ரகோத்தமன்.

வண்டி திரும்பும்போதே குரல் போய்விட்டது. அவர்கள் இறங்கிப் பார்க்கும்போது தெருவெல்லாம் பெண்கள், எல்லோர் இடுப்பிலும் குடம். ஒரு ஊசி இல்லை, ஒரு நூல் இல்லை. பழக்க தோஷம். வெளியே வந்த பிறகுதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்த் தோலை எடுத்துக்கொண்டுவந்தால் நாடகம் என்று ஆகிவிடும். குடத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார்கள்.

சுகந்தி மட்டும் வாசலில் அப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழவில்லை. ரகோத்தமன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெருவில் நாற்பது பேர் தண்ணீருக்கு நிற்கும்போது இந்த ஒரு அம்மா மட்டும் ஒரே ஒரு அப்பரோடு இருக்கிறார், இது எங்கிருந்து கிடைத்தது என்று விசாரிக்கவேண்டும் என்றார். திருட்டு என்று சொல்லவில்லை. சொன்ன மாதிரி.

அன்னெலி குடங்களைப் போட்டோ எடுத்தாள். தண்ணீர் தினமும் இப்படித்தானா என்று கேட்டாள். பெண்கள் குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

பெனடிக்டா மேடம் என்னிடம் பேசாமல் வண்டி ஏறினார். நசுங்கின கதவு பக்கம்.

தொண்டை கட்டிக்கொண்டது. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்தேன்.

1.3.2023

தயாளன் கட்டு போட வந்தான். என் வீட்டில் ஐந்து கட்டு அதிகம் வைத்தான். நான் கேட்கவில்லை.

14.3.2023, செவ்வாய்

யார் குரல் கொடுத்தது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். தயாளன் யாருக்காவது போன் செய்திருப்பான். கம்பெனி டிரைவருக்கும் நான்காவது வீட்டுப் பெண்ணுக்கும் பேச்சு உண்டு, அதைப் பற்றி நான் எழுதினால் நோட்டு போதாது. நாள் சொல்லாமல் வந்தது யார் தப்பு? கோழி பிடிக்கிறவன்கூடக் கூப்பிட்டுவிட்டுத்தான் வருவான். பதினோரு வருடம் ஒளிக்கச் சொல்லிவிட்டு ஒரு காலை நேரத்தில் ஒளிக்காதே என்றால் கை கேட்குமா, வாய் கேட்குமா?

கௌசல்யா என் முகத்தைப் பார்ப்பதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

27.3.2023, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. கௌசல்யா படித்துச் சொன்னாள். பதினெட்டுப் பக்கம். பனங்காட்டேரியில் வீட்டில் தைக்கும் வேலை நடப்பதாகக் காணப்படவில்லை. தனி ஒருவரிடம் ஒரு துண்டு மட்டும் காணப்பட்டது, மூலம் தெரியவில்லை. அப்பகுதிப் பெண்களின் முதன்மையான சிரமம் குடிநீர். அதற்குக் கம்பெனி தன் சமூகப் பொறுப்பின் கீழ் ஆவன செய்யலாம்.

எங்கள் தெருவில் பஞ்சாயத்துக் குழாய் நாளுக்கு இரண்டு வேளை வருகிறது. ஏழு வருடமாகத் தண்ணீர் லாரியே வந்ததில்லை.

6.4.2023, வியாழன்

மேடம் வந்தார். மெலிந்துவிட்டார். பெண்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். மேசையின் விதிப்படி முப்பது நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் வெறுமனே "நாங்கள் ஒளித்துவிட்டோம்" என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஒளிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர் யாரோ அவர் பெயரைச் சொல்லி, நேரில் வந்து, இன்ன காரணத்தால் குரல் கொடுத்தேன் என்று சொல்லவேண்டும். சொன்னால் குழு மறுபடி வரும்.

"யார்னு எனக்குத் தெரிய வேண்டியதில்லம்மா. அவங்களே வந்து சொன்னா போதும். ஒண்ணும் செய்யமாட்டாங்க."

ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றால் ஏன் பெயர் கேட்கிறார்கள்? நான் அதைக் கேட்டேன். மேடம் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, மேசையில் உட்கார்ந்திருப்பவர் யாராவது என்றால் மட்டும் அந்த இடம் போகும் என்றார். பொதுவாகச் சொன்னார்.

முப்பது பெண்கள் இருந்தார்கள். அறுபது கண். சுகந்தியின் போன கண்ணைக் கழித்தால் ஐம்பத்தொன்பது. ஒரு கண்ணும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். ஒரே இடத்தைப் பார்க்காமலிருக்க அத்தனை பேரும் சேர்ந்து பாடுபட்டார்கள். அதைவிட அசிங்கம் ஒன்று உண்டா.

19.4.2023, புதன்

குடிநீர்த் தொட்டி திறப்பு. ஐயாயிரம் லிட்டர், நீலம். மேலே எல்லாத் தரப்பின் முத்திரையும் வரிசையாக. பெனடிக்டா மேடத்தின் நிறுவனத்தின் முத்திரையும், சங்கத்தின் முத்திரையும் உண்டு. கைத்தையல் தரப்புக்கு முத்திரை இல்லை, அதனால் ஒரு பெண் குடம் தூக்குகிற படம் போட்டிருக்கிறார்கள்.

ரகோத்தமன் பேசினார். இது ஒரு தரப்பின் வெற்றி இல்லையாம். மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி. சால்வை போட்டார்கள். பச்சை. சாயம் போகும் ரகம்.

தோழர் ஏகாம்பரத்திடம், நீயுமா தோழா முத்திரை கொடுத்தாய் என்று கேட்டேன். உள்ளே இருந்தால்தானே சண்டை போடமுடியும் என்றார். இதே வார்த்தையை 2009 மே மாதம் கம்பெனி கேட் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு அவருக்கு முடி இருந்தது.

25.4.2023, செவ்வாய்

குழாயடியில் சுகந்தியைப் பார்த்தேன். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்த பிறகுதான் நகர்ந்தாள். இடக்கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டதாம். மருந்தை இருபது நாளாக நிறுத்தியிருக்கிறாள். இந்த வார்த்தையை அவள் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு நாள்தான். நான் இன்று முழுவதும் பதினோரு அப்பர் தைத்தேன். என் வயதுக்கு அதிகம்.

26.4.2023

முறையீடு போய்விட்டது என்று கௌசல்யா சொன்னாள். யார் பெயரில் என்று அவளும் சொல்லவில்லை. நான் கொடுக்கவில்லை.

3.5.2023, புதன்

வேலூர். அதே மாடி. சர்க்கார் தரப்பின் நாற்காலி இன்றும் தனியாக வந்திருந்தது.

சுகந்தியை உள்ளே கூப்பிட்டார்கள். பெனடிக்டா மேடம் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி குரல் கொடுத்தது யார் என்று ரகோத்தமன் கேட்டார்.

"நாந்தான் சார்" என்றாள் சுகந்தி.

உங்கள் கண்ணுக்காகத்தானே வந்தார்கள், நீங்களே ஏன் மறைக்கச் சொன்னீர்கள் என்று அன்னெலி கேட்டாள். கண்ணாடிக்காரி தமிழில் சொன்னாள்.

"பதினோரு வருசமா கத்திக் கத்திப் பழக்கம்மா. வண்டியப் பாத்ததும் வாய் வந்துட்ச்சி. அப்புறம் நான் மட்டும் எழுந்து ஓட முடியல, படி தெரியல. அதான் கைல அப்பரோட மாட்டிக்கினேன்."

இதை நேராகப் பார்த்துச் சொன்னாள். எல்லோருக்கும் பொருந்திவந்தது. அவள் வீடு தெருவின் நடுவில். அங்கிருந்து ரோடு தெரியாது. அதை அந்த மேசையில் அறிந்தவள் ஒருத்திதான்.

சுகந்தியை வெளியே உட்காரச் சொன்னார்கள். பிறகு ரகோத்தமன் ஒரு ஏற்பாடு சொன்னார். குழு மறுபடி போகலாம், கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை. பெண்கள் தைப்பது உண்மையானால் எல்லோரையும் பட்டியலில் சேர்த்து அட்டை கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்தவரே சாட்சியத்தை மறைத்தார் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். நல்லெண்ணத்தில் கொடுத்த புகார் என்று இதை எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. ஆகவே கண் சம்பந்தமான புகார் முடித்துவைக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்பாடு, தனித்தனியாக இல்லை.

அன்னெலி வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினாள். தோழர், முப்பத்தாறு வீடு பெரிதா ஒரு வீடு பெரிதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆட்டினார். பெனடிக்டா மேடம் என்னைப் பார்த்தார். கண் எடுக்காமல் பார்த்தார். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் திறக்கவில்லை. அவரும் ஆட்டினார்.

கடைசியாகக் கைத்தையல் தரப்பு என்று கூப்பிட்டார்கள்.

ஒரு தரப்பு மறுத்தாலும் நிற்காது. நான் செய்யவேண்டியது தலையைச் சும்மா வைத்திருப்பது. அவ்வளவுதான். நான்தான் கத்தினேன் என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை.

ஆட்டிவிட்டேன்.

எழுதிவிட்டேன். நடந்ததை நடந்த தேதியில் எழுதச் சொன்னார்கள்.

4.5.2023

கௌசல்யா இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நானே பொங்கிக்கொண்டேன். உப்பு அதிகம்.

22.5.2023, திங்கள்

குழு மறுபடி வந்தது. இந்தத் தடவை எல்லோரும் வாசலில் ஊசியும் நூலுமாக இருந்தார்கள். தொட்டிலிலிருந்து, டிரம்மிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டினார்கள். அன்னெலி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுதினாள். என் வீட்டில் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். நூல் அறுத்த தழும்பு எத்தனை வருடத்தது என்று கேட்டாள். சொன்னேன், தேதியோடு.

சுகந்தி தன் வீட்டில் அன்னெலி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கண்ணைப் பற்றி அன்னெலி கேட்கவில்லை. முடித்துவைத்த புகார்.

15.6.2023, வியாழன்

அட்டை கொடுத்தார்கள். போட்டோ ஒட்டின அட்டை, பெயர் போட்டது. இன்றைய தேதியிலிருந்து செல்லும். இனிமேல் யாருக்காவது ஊசி குத்தினால் கம்பெனி பொறுப்பு. சுகந்திக்கும் அட்டை உண்டு. அவளுக்கு இனிமேல் குத்தவேண்டும்.

விழாவுக்கு நான் போகவில்லை. கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். மேசையில் என் இடம் இன்னும் இரண்டு வருடத்துக்கு என்று நீட்டித்துவிட்டார்களாம். தயாளன் வந்து பெரிம்மா என்று கூப்பிட்டான். இதற்கு முன்னால் அவன் என்னை ஏ கிழவி என்று தவிர வேறு சொன்னதில்லை.

18.6.2023, ஞாயிறு

சுகந்தி வந்தாள். என் அட்டையைக் கொண்டுவந்திருந்தாள், நான் வாங்காமல் விட்டது. படி ஏறும்போது காலால் தடவிப் பார்த்து ஏறினாள். வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று குரலுக்காகக் காத்திருந்தாள். நான் குரல் கொடுக்கவில்லை. இருமல் வந்துவிட்டது. இருமல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

யார் உன்னை வரச்சொன்னது என்று கேட்டேன். உன் அம்மா புத்தி உனக்கும், நின்ற இடத்தில் பொய் சொல்கிற புத்தி என்றேன். வேலூர் மாடியில் நீ சொன்ன பொய்யில் என்ன பெருமை வந்தது உனக்கு, என்னைக் காப்பாற்ற நீ யார், நான் கேட்டேனா என்று சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டில் மிக்சியை நிறுத்திவிட்டார்கள். இன்னும் நிறைய சொன்னேன், அவள் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன், அதை எழுதமாட்டேன்.

அவள் முடியும்வரை இருந்தாள். பிறகு சொன்னாள், அவள் என்னைக் காப்பாற்றவில்லையாம். யாராவது ஒருத்தர் சொன்னால்தான் வருவோம் என்றார்கள், நாள் முடிகிறது, யாரும் சொல்லவில்லை, அதனால் அவளே சொன்னாளாம். என் பெயரைச் சொல்லியிருந்தால் என்னை மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் எங்கள் பக்கம் பேச வாயுள்ளவர் யார் என்றாள். புகாரை முடித்துவைப்பார்கள் என்று அவளுக்கு முன்னால் தெரியாதாம். தெரிந்திருந்தால் யோசித்திருப்பாளாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உன் குரல் எனக்குத் தெரியாதா பெரிம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது பழக்கமா, இல்ல எங்கம்மா மேல இருந்த கோவமா?"

கௌசல்யா உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

இந்த நோட்டில் எழுதாதது ஒன்று உண்டு. அன்று காலை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வண்டி திரும்பியது. வெள்ளை வண்டி, இடது கதவில் நசுங்கல். நான் ஏறி இறங்கின வண்டி. ஆயிரம் வண்டி வந்தாலும் அந்த வண்டியை எனக்குத் தெரியும். நான் எதையும் மறப்பதில்லை.

"பழக்கம்" என்றேன்.

"எனக்குத் தெரியும் பெரிம்மா" என்றாள். "நான் அப்பவே சொன்னேன் எல்லார்ட்டயும், பெரிம்மா பழக்கத்துல கத்திட்டாங்கன்னு. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ மனசுல வச்சிக்காத."

எழுந்து என் பக்கம் கையை நீட்டித் தேடினாள். தோளைக் கண்டுபிடித்து இரண்டு தட்டு தட்டினாள், சின்னப் பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி. கௌசல்யா ஓடிவந்து அவளைப் படியிறக்கி விட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

ரகோத்தமன் அவர் வேலையைச் செய்தார். தயாளன் பிறந்தபோதே அப்படி. வெள்ளைக்காரிக்கு மொழி தெரியாது, தோழருக்கு முதுகெலும்பு தெரியாது, பெனடிக்டா மேடத்துக்கு அடுத்த ஊரில் இன்னொரு மேசை காத்திருக்கிறது. இந்திராணிகூடப் போகட்டும், அவள் செய்தது எனக்குத் தெரியும், நான் நினைப்பது அவளுக்குத் தெரியும், அதில் ஒரு நேர்மை இருந்தது. இத்தனை பேரையும் நான் ஒருநாள் விட்டுவிடுவேன்.

என்னை நம்பிவிட்டுப் போனாளே, அவளை மட்டும் மன்னிக்கமாட்டேன்: சுகந்தி, பனங்காட்டேரி, வீட்டு எண் பத்தொன்பது.